உயரமான பையன் எங்கே ஆடலாம்?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, ஆறடி உயரம். கால்பந்துப் பயிற்சியாளர் கோல்கீப்பராக நிற்கச் சொல்கிறார். அவனுக்கோ கோல் அடிக்கத்தான் ஆசை. என்ன செய்யலாம்?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: செக் குடியரசு வீரர் யான் கோலரைச் சொல்கிறேன். 2.02 மீட்டர் உயரம். சிறுவயதில் கீப்பர் பயிற்சி. அப்புறம் முன்கள வீரராகி, நாட்டுக்காக 91 ஆட்டங்களில் 55 கோல்! 2004 யூரோ எனும் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் நெதர்லாந்திடம் 0-2 எனப் பின்தங்கிய செக் அணிக்கு முதல் கோல் அவருடையது. 3-2 என வென்றார்கள். முத்தியால்பேட்டையில் அக்கா வீட்டு டிவி முன்னால் நள்ளிரவு தாண்டியும் கத்திக்கொண்டிருந்தேன்.

2002-ல் பேயர்ன் மியூனிக்குடன் நடந்த ஆட்டத்தில், கோலர் ஆடிய ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்டின் கீப்பருக்குச் சிவப்பு அட்டை. கோலரே கையுறை மாட்டினார். அதன்பிறகு ஒரு கோல்கூட விடவில்லை.

சரி, மகனை முன்களத்தில் ஆடவிடுங்கள். கீப்பர் பயிற்சியையும் நிறுத்தாதீர்கள்.