500 பிரதியா, 100 பிரதியா?

கேள்வி: தக்கலையில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். வயது 26. குளச்சல் கடற்கரையில் நடக்கும் ஒரு கதையை 32 பக்கக் கறுப்பு வெள்ளை காமிக்ஸாக வரைந்து முடித்துவிட்டேன். அட்டை மட்டும் கலர். சிவகாசியில் 500 அடித்தால் பிரதிக்கு 24 ரூபாய், நாகர்கோவிலில் டிஜிட்டலில் 100 அடித்தால் 48 ரூபாய் என்கிறார்கள். சென்னை காமிக் கான் என்ற காமிக்ஸ் விழாவில் விற்பனைக்கு மேசை எடுக்க ஆசை. கொல்லங்கோடு பக்கம் ஒரு பள்ளியில் வாரம் இரண்டு நாள் காமிக்ஸ் வகுப்பு எடுக்கக் கேட்கிறார்கள், மாதம் 6,000 ரூபாய். கடை வேலையை விட்டுவிடலாமா?

பின்குறிப்பு: மாதிரிக்கு அடித்த 10 பிரதியில் ஒரே வாரத்தில் அட்டை சுருண்டு, ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்துவிட்டது. பிரஸ்காரர் தப்பா?

– ஒரு வாசகி, தக்கலை

பதில்: 100 அடியுங்கள். வேலையை இப்போது விடாதீர்கள். காமிக் கானுக்கு இந்த வருஷம் டிக்கெட் வாங்கிப் பார்வையாளராகப் போய்வாருங்கள், மேசை அடுத்த வருஷம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறோம்.

சிவகாசியில் அடிக்கும் ஆஃப்செட்டில் பிளேட் போடுவதும் மெஷினைச் சரிக்கட்டுவதும் 100 அடித்தாலும் 1,000 அடித்தாலும் ஒரே செலவு. அதனால்தான் எண்ணிக்கை கூடினால் விலை இறங்குகிறது. ஆனால் 24 ரூபாய் என்பது அடித்த பிரதியின் விலை, விற்ற பிரதியின் விலை அல்ல. 12,000 ரூபாய் போட்டு 500 அடித்து, முதல் வருஷம் 120 விற்றால், விற்ற ஒவ்வொன்றும் உங்களுக்கு 100 ரூபாய்க்கு விழுந்திருக்கிறது. மீதி 380 கட்டிலுக்கு அடியில். ஏ5 அளவு, உள்தாள் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு), அட்டை 250 ஜிஎஸ்எம் என்றால் ஒரு பிரதி சுமார் 65 கிராம். ஆகக் கட்டிலுக்கு அடியில் கிடப்பது கிட்டத்தட்ட 25 கிலோ தாள், அதுவும் இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில். டிஜிட்டலில் 100 என்றால் முதலீடு 4,800 ரூபாய். இன்னொன்றும் உண்டு. முதல் பதிப்பில் ஒரு எழுத்துப்பிழையாவது கண்ணில் படாமல் இருக்காது. இரண்டாவது 100 அடிக்கும்போது திருத்திக்கொள்ளலாம். 500 அடித்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

விலை 120 என்று அச்சிடுங்கள், நேரில் 100க்குக் கொடுங்கள். புத்தகக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் 10 சதவீதக் கழிவை உரிமையாகவே எதிர்பார்ப்பார்கள். 108 ரூபாய்க்குச் சில்லறை தேடுவதைவிட 100 ரூபாய் நோட்டு சுகம். கடைக்கோ வேறு பதிப்பகத்தின் ஸ்டாலுக்கோ விற்பனைக்குக் கொடுத்தால் பொதுவாக 30 முதல் 40 சதவீதம் கழிவு கேட்பார்கள். 35 என்றால் உங்கள் கைக்கு 78 வரும், அச்சுச் செலவு போக 30 நிற்கும். நேரில் விற்றால் 52. விலையை 80 என்று வைத்திருந்தால் கடைக்குக் கொடுத்த பிரதிக்கு மிஞ்சுவது 4 ரூபாய்தான்.

இப்போது சென்னை. காமிக் கான் 2011இல் டெல்லியில் தொடங்கியது, சென்னைக்கு வந்தது 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் டிரேடு சென்டருக்கு. அங்கே வரும் கூட்டம் பெரும்பாலும் இளவட்டம். வேஷம் கட்டி வருவார்கள், அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன்களைப் பற்றிப் பேசுவார்கள், ஸ்டிக்கரும் பேட்ஜும் சுவரில் ஒட்டும் பிரின்டும் வாங்குவார்கள். குளச்சல் பேச்சுத்தமிழில் ஓடும் 32 பக்கக் கதையை நின்று படிப்பவர்களும் உண்டு, ஆனால் அவர்களுக்காக மட்டும் 700 கிலோமீட்டர் போவது கட்டுபடியாகாது. மேசை வாடகை, போக வர ரயில், இரண்டு இரவு தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிரதிக்கு 52 ரூபாய் வீதம் 174 பிரதி விற்றால்தான் போட்ட காசு திரும்பும். நாளுக்கு எட்டு மணி நேரம், இரண்டு நாள்: ஐந்தரை நிமிஷத்துக்கு ஒன்று. அந்த வேகத்தில் சுண்டல்தான் விற்கும். வேறு இரண்டு ஓவியர்களோடு மேசையைப் பங்கு போட்டு, இரண்டாவது புத்தகமும் நாலைந்து பிரின்டும் கையில் இருக்கும்போது போனால் கணக்கு மாறும்.

பிரபல ஹீரோக்களை வரைந்து விற்றால் கூட்டம் சேரும் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பாத்திரங்களின் உரிமை வேறொருவருடையது, அந்தக் காசில் நிற்கப் பழகாதீர்கள். வரி விஷயமும் ஒன்று. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஸ்டிக்கருக்கும் பேட்ஜுக்கும் உண்டு. வெளி மாநிலத்தில் தற்காலிகக் கடை போட்டு வரியுள்ள பொருளை விற்றால், விற்பனை எவ்வளவு குறைவானாலும் பதிவு கேட்பார்கள். பெங்களூரு, கொச்சி என்று யோசித்தால் முதலில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

உங்கள் முதல் மேசை நாகர்கோவிலில் மாவட்ட நிர்வாகம் நடத்தும் புத்தகத் திருவிழாவிலோ, நெல்லையில் நடக்கும் பொருநைப் புத்தகத் திருவிழாவிலோ இருக்கட்டும். தனி ஸ்டால் வேண்டாம், தெரிந்த பதிப்பகத்தின் ஸ்டாலில் ஒரு ஓரம் கேளுங்கள், மாலை ஐந்து முதல் ஒன்பது வரை நீங்களே நில்லுங்கள். திருவனந்தபுரத்தில் சட்டமன்ற வளாகத்தில் நடக்கும் புத்தக விழாவும் காலையில் பஸ் ஏறி ராத்திரி வீடு திரும்பும் தூரம்தான். அங்கே தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது என்பவர்கள் நிறைய. வசனமே இல்லாத ஒரு பக்கத்தைப் பிரின்டாக எடுத்துப் போனால் அவர்களிடமும் பேச்சு தொடங்கும்.

மேசைக்கு வேண்டியது அதிகமில்லை. புத்தகத்தைப் படுக்க வைத்தால் நடந்து போகிறவர் கண்ணில் விழாது. செல்போன் ஸ்டாண்டு போல ஒரு தாங்கி வைத்து, மேசையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அட்டை நிமிர்ந்து நிற்க வேண்டும். ‘மாதிரி’ என்று பெரிதாக எழுதிய இரண்டு பிரதி புரட்டுவதற்கு. அவை கசங்கி அழுக்காகும், அதுதான் அவற்றின் வேலை. க்யூஆர் கோடு இரண்டு அட்டையில், வேறு வேறு வங்கிக் கணக்குக்கு. கூட்டம் நெரியும் பந்தலில் முதலில் சாவது நெட்வொர்க். ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களில் ஆயிரம் ரூபாய்க்குச் சில்லறை. பிறகு, “இது என்ன கதை?” என்று கேட்டால் பத்து விநாடியில் சொல்ல ஒரு வாக்கியம். இதை வீட்டிலேயே சொல்லிப் பழகுங்கள். முதல் ஆள் கேட்கும்போது வருகிற படபடப்பில் முடிவையும் சேர்த்துச் சொல்லிவிடுவீர்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் பக்கங்களை நிஜ அளவில் ஒரு தடவை ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். ஏ4இல் வரைந்ததை ஏ5க்குச் சுருக்கினால் நீளம் அகலம் இரண்டும் 71 சதவீதமாகும். 4 மில்லிமீட்டர் உயர எழுத்து 2.8 ஆகும், 0.1 பேனாக் கோடு 0.07 ஆகி அங்கங்கே அறுந்து போகும். தமிழில் மேலே கொக்கி, கீழே வால், இரண்டும் உண்டு. ஆங்கில வசனப் பலூனுக்கு விடும் வரி இடைவெளி விட்டால் ‘கி’யின் கொக்கி மேல்வரியில் இருக்கும் ‘கூ’வின் வாலில் போய் மாட்டும். எழுத்தை முதலில் எழுதிவிட்டு அதைச் சுற்றிப் பலூன் போடுங்கள். ஒரு பலூனுக்கு மூன்று நான்கு வரிக்கு மேல் வேண்டாம். ‘போய்க்கொண்டிருக்கிறார்களா’ என்ற சொல் பலூனை நிரப்பிவிடும், உங்கள் ஊர்ப் பேச்சில் ‘போறாவளா’ என்றால் இடமும் மிச்சம், குளச்சலும் காதில் கேட்கும். கோரல் டிராவில் எழுத்தைக் கர்வ் பண்ணாமல் (கோட்டு வடிவமாக மாற்றாமல்) அனுப்பினால் என்ன ஆகும் என்பதை டிடிபி கடையில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இப்படியே அல்ல. வாரம் இரண்டு நாள் என்றால் மாதம் எட்டுத் தடவை தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போய், பஸ் மாறி, கொல்லங்கோடு. டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் செலவில்லை, போவது நேரம். ஒரு பீரியடுக்காக அரை நாள். 6,000த்தை எட்டால் வகுத்தால் அரை நாளுக்கு 750. அதே இரண்டு பீரியடையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் கேளுங்கள். நான்கு பயணம், தடவைக்கு 1,500. பிள்ளைகளுக்கும் அதுதான் நல்லது, 40 நிமிஷத்தில் பென்சில் சீவி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். சம்பளம் மாதக் கணக்கில் என்று தலைமையாசிரியரிடம் எழுதி வாங்குங்கள். மழை விடுமுறை, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை, அரையாண்டுத் தேர்வு என்று நம் மாவட்டத்தில் வகுப்பு விட்டுப்போகக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. வகுப்புக்கு இவ்வளவு என்று பேசினால் நவம்பர், டிசம்பரில் கை காய்ந்துவிடும்.

முதல் வகுப்புக்கு ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் செய்யச் சொல்லுங்கள். 30 பிள்ளைகள் என்றால் 75 ஜிஎஸ்எம் தாள் 90, மழுங்கிய முனைக் கத்தரி எட்டு, கறுப்பு ஜெல் பேனா ஆளுக்கொன்று. தாளைப் பாதியாக, மறுபடி பாதியாக, மறுபடி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம். இப்போது நீளத்தைப் பாதியாக்கி ஏ5 ஆக மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் மட்டும் வெட்ட வேண்டும். விரித்தால் தாளின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். நீளவாக்கில் மடித்து இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் கீறல் வாயைத் திறக்கும், அப்படியே அமுக்கினால் புத்தகம். வகுப்புக்கு ஐந்து பேராவது திறந்த ஓரத்திலிருந்து வெட்டித் தாளை நாசமாக்குவார்கள், கூடுதல் தாள் அதற்குத்தான். வெட்டும் முன் எல்லாரையும் மடிப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த குளறுபடி பக்க வரிசை. விரித்த தாளில் ஒரு வரிசை தலைகீழாக நிற்கும். எந்தக் கட்டத்தில் எந்தப் பக்கம் என்று போர்டில் வரைந்து விளக்காதீர்கள், குழப்பம் கூடும். புத்தகமாக மடித்த நிலையிலேயே 1 முதல் 8 வரை பென்சிலில் மூலையில் எண் போடச் சொல்லிவிட்டுப் பிறகு விரித்து வரையட்டும். ஓரத்தில் 5 மில்லிமீட்டர் விடச் சொல்லுங்கள், ஜெராக்ஸ் மெஷின் அதைத் தின்றுவிடும். பென்சில் கோடு ஜெராக்ஸில் மங்கும், அதனால் கடைசி 20 நிமிஷம் பேனாவுக்கு. ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்தால் ஒரு புத்தகம் என்பதால், ஒரு பிள்ளை ஐந்து பிரதி எடுத்து நண்பர்களுக்குக் கொடுக்கலாம். அன்று முதல் உங்கள் வகுப்புக்கு ஆள் திரட்ட வேண்டியிருக்காது.

பள்ளி ஆண்டுமலருக்கோ விளம்பரத்துக்கோ நாலு பக்கம் வரைந்து தரச் சொன்னால், சம்பளத்தில் அது சேராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உரிமை கைமாறுவது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் அதை 5 வருஷமாகத்தான் எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் வரைந்தது பிள்ளைகளுக்குச் சொந்தம், பெற்றோரைக் கேட்காமல் உங்கள் இணையப் பக்கத்தில் போடாதீர்கள்.

ஆக, கடையில் வாரம் ஒரு அரை நாள் விடுப்பு கேட்டுப் பள்ளிக்கு. ஒரு கல்வியாண்டு அப்படியே ஓடட்டும். மே மாதத்தில் கோடை வகுப்பும் எடுத்து, அதில் என்ன வருகிறது என்று பாருங்கள். அந்த இரண்டும் சேர்ந்து கடைச் சம்பளத்தில் பாதியைத் தொட்டால், அப்போது கடையில் அரை நேர வேலை பேசலாம். எது வந்தாலும் வாரத்தில் இரண்டு காலை நேரம் அடுத்த புத்தகத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். ஒரே புத்தகத்தோடு மூன்றாவது வருஷமும் மேசையில் உட்கார்ந்தால் போன வருஷம் வாங்கியவர் கையசைத்துவிட்டுப் போய்விடுவார்.

பின்குறிப்புக்கு வருவோம். பிரஸ்காரர் பாதித் தப்பு. அட்டையின் வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டிருப்பார்கள். பிளாஸ்டிக் ஒட்டிய பக்கம் ஈரத்தை உறிஞ்சாது, உள்பக்கம் உறிஞ்சி விரியும், அட்டை வெளிநோக்கிச் சுருளும். லேமினேஷனே வேண்டாம், 250 ஜிஎஸ்எம் போர்டில் சும்மா அடியுங்கள், தாளின் நார் முதுகோடு ஓடும்படி வெட்டச் சொல்லுங்கள். நார் குறுக்கே ஓடினால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். துருவுக்குக் காரணம் மலிவுக் கம்பியும் உப்புக்காற்றும். ஸ்டெயின்லெஸ் பின் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் பின் அடிக்கவே வேண்டாம், மடித்து மட்டும் வாங்கி, முதுகில் மூன்று துளை போட்டு மெழுகு தடவிய நூலால் நீங்களே தைத்துவிடுங்கள். பிரதிக்கு மூன்று நான்கு நிமிஷம், 100 பிரதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தைத்ததை இருபது இருபதாகப் பாலிதீன் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து ஒட்டி, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள்.