புயலை ஏவும் வில்லன் நம்பும்படி இல்லையா?

உங்கட கதையில் பருத்தித்துறைக்குப் புயலை ஏவும் வில்லன் விஞ்ஞானியை வாசித்தவர்கள் நம்பவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவன் புயலை ஏவ வேண்டாம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மழையைக் கூட்டப் போய் வெள்ளத்துக்குப் பழியேற்கட்டும். அவர்கள் அவனை நம்பாததற்கு, அவனுக்கு நீங்கள் கொடுத்த அளவற்ற சக்திதான் காரணம் என்று நினைக்கிறன். மழை பெய்விக்க முகிலில் தூவும் உப்பான வெள்ளி அயடைட்டைத் தூவினாலும் முகில் ஏற்கெனவே இருக்கவேணும். புயலைத் தணிக்க அமெரிக்கா 1962இல் தொடங்கிய ஸ்டோர்ம்ஃபியூரி திட்டமே 1983இல் கைவிடப்பட்டது.

அவனுடைய நியாயத்தை அவன் வாயாலேயே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கோ. "கிணறெல்லாம் உவராகுது, மாரி பொய்த்தால் சனம் எங்க போகும்?" என்று அவன் கேட்க, உங்களுக்கே மறுமொழி வராவிட்டால் வில்லன் சரி. அந்த வெள்ளத்தில் வெங்காயம் அழுகிய தோட்டக்காரிதான் கதாநாயகி.

ஒன்று கவனம்: தூவியதால் பெய்த மழையையும் தானாகப் பெய்ததையும் பிரித்தறிவது நிபுணருக்கே கடினம். அவள் ஒரே வரைபடத்தில் குற்றத்தை நிரூபிக்கக்கூடாது.