மாட்டுத்தாவணியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். இங்கே ஒருவன், முப்பது வயது இருக்கும், தனக்குத்தானே பேசிக்கொண்டு திரிவான். செல்போன், எவர்சில்வர் டம்ளர் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போவான். போலீஸ் பிடிக்கும், உள்ளே இருப்பான், மறுபடி வந்து நிற்பான். சின்னத் திருட்டுக்குச் சமூக சேவை போதும் என்று புதுச் சட்டம் சொல்கிறதாமே, அந்தத் தாராளம்தான் காரணமோ? இவர்களைப் பதிவு செய்து கண்காணித்தால் என்ன?

செ., மதுரை

அன்புள்ள செ.,

அந்தத் தாராளம் அவன் பக்கமே எட்டிப் பார்க்காது. நீங்கள் சொல்லும் புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில் சமூக சேவை, முதல்முறை தண்டனை பெறுகிறவருக்குத்தான். பொருள் 5,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், திரும்பக் கொடுத்திருக்கவும் வேண்டும். விசாரணைக் கைதியின் ஜாமீனிலும் இதே கதைதான். இதற்கு முன் தண்டனை பெறாதவர் என்றால் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே கழித்ததும் விடலாம், மற்றவர்கள் பாதி கழிக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகையும் இல்லை. நாலு கடைக்காரர்கள் நாலு புகார் கொடுத்தால் முடிந்தது.

1958-ஆம் வருடத்து நன்னடத்தைச் சட்டம் கொஞ்சம் பெரிய மனசுக்காரச் சட்டம். பழைய தண்டனை இருந்தாலும் அதன் 4-ஆம் பிரிவில், நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையில் வெளியே விட இடம் உண்டு. ஆனால் அவனுக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான வீடோ வேலையோ இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் படுப்பவன் எந்த விலாசத்தைச் சொல்வான்? அவனுக்கு ஜாமீன் கையெழுத்து நீங்கள் போடுவீர்களா? (நானும் யோசிப்பேன்.)

பதிவு செய்வது நம் பக்கம் பார்த்த கூத்துதான். சில சாதிகளையே குற்றவாளிகள் என்று பதிவு செய்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை, அதாவது கைரேகைச் சட்டத்தை, எதிர்த்த பெருங்காமநல்லூர் ஜனங்களை 1920 ஏப்ரல் 3 அன்று வெள்ளைக்கார அரசின் போலீஸ் சுட்டது. இன்றும் ஸ்டேஷனில் கேடி லிஸ்ட் இருக்கிறது. அதில் பெயர் ஏறியவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

தனக்குத்தானே பேசுகிறான் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. மனநோய் இருப்பதாகத் தெரிந்து, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரை 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது ஸ்டேஷன் அதிகாரியின் கடமை, லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று 2017-ஆம் வருட மனநலச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த புகாரில் டம்ளர் காணோம் என்பதோடு இதையும் சேர்த்து எழுதுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனை உங்கள் கடையிலிருந்து தூரமில்லை.