இம்பிளான்ட்டைத் தசைக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

ஒல்லியான உடம்பு, மார்பகத்தைப் பெரிதாக்கும் ஆபரேஷனில் இம்பிளான்ட்டை (உள்ளே வைக்கும் செயற்கைப் பையை) நெஞ்சுத்தசைக்கு மேலே வைக்கச் சொல்வதா, கீழேயா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே குழப்பத்தோடு ஆறு மாதம் அலைந்தவள் நான். ஊர் திருமங்கலம். இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்து முடித்தபோது எனக்கு நெஞ்சில் தோலும் எலும்பும்தான் மிச்சம்.

மதுரையில் முதலில் பார்த்த டாக்டர் என்னைப் பரிசோதிக்காமலே "எல்லோருக்கும் கீழேதான்" என்றார். அப்படிச் சொல்கிறவரிடம் தேதி வாங்காதீர்கள். இரண்டாவதாகப் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன், மார்பின் மேல்பகுதியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து அளந்தார். 2 சென்டிமீட்டருக்கு மேல் சதை இருந்தால் தசைக்கு மேலே வைப்பதை யோசிக்கலாமாம். எனக்கு ஒன்றரைகூட இல்லை. இந்த உடம்பில் மேலே வைத்தால் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தது போல விளிம்பு தெரியும், குனிந்தால் தோலில் அலை அலையாகச் சுருக்கம் விழும் என்றார்.

அப்புறம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். கம்பு சுற்றும்போது நெஞ்சுத்தசை இறுகி, அடியில் இருக்கும் இம்பிளான்ட்டை அழுத்தி ஒதுக்கும். முதல் டாக்டர் இதைக் கேட்கவே இல்லையே என்று இன்றும் மனது ஆறவில்லை. கடைசியில் 'டூயல் பிளேன்' என்ற முறையில் செய்துகொண்டேன். மேல் பாதி தசைக்கு அடியில், கீழ்ப் பாதி பால் சுரப்பிக்கு அடியில். கம்பைச் சுற்றினால் இப்போதும் லேசாக அசைகிறது. தெரிந்தே ஒத்துக்கொண்டதால் வருத்தமில்லை.

தசையைத் தூக்கி வைப்பதால் வலி அதிகம். முதல் வாரம் நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. ஒன்றரை மாதம் கம்பைத் தொடவில்லை, தண்ணீர்க் குடத்தை மதினிதான் தூக்கினார்.

கீழே வைத்தால் மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) மார்பகம் மறையாமல் தெரிவதும் கொஞ்சம் எளிது. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததால் எனக்கு அது பெரிய விஷயம். எப்படி வைத்திருந்தாலும் படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, இம்பிளான்ட்டின் மேற்பரப்பு. சொரசொரப்பான ஒரு வகையை, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் அரிதான ஒரு வகையுடன் தொடர்பு இருந்ததால் 2019-ல் உலகெங்கும் திரும்பப் பெற்றார்கள். நான் வழவழப்பானதைக் கேட்டு வாங்கினேன். உள்ளே சிலிக்கோன் ஜெல் இருக்கும் வகை என்றால் தொந்தரவே இல்லாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இம்பிளான்ட்டின் வரிசை எண் உள்ள அட்டையைக் கையில் வாங்காமல் ஆஸ்பத்திரியை விட்டு வராதீர்கள்.