பாதியில் நின்ற படிப்பும் ஈராண்டுக்கு முந்தைய வருமானமும்

கேள்வி: அமெரிக்காவில் கிரீன் கார்டு பெற்று வசிக்கிறேன்; வயது 38. இங்கே இரண்டாண்டு கல்லூரியில் படித்திருந்த நிலையில், குழந்தை பிறந்ததால் படிப்பு நின்றது. கடைசிப் பருவத்தில் இரண்டு பாடங்களில் தேர்ச்சியும் இல்லை. 2026-27 கல்வியாண்டில் அதே கல்லூரியில் சேர்ந்து பட்டத்தை முடிக்க விரும்புகிறேன். ஆனால் 2024இல் நல்ல சம்பளம் வாங்கிய என் கணவருக்கு இப்போது வேலை இல்லை. நிதியுதவிக்கு விண்ணப்பிப்பதில் பயன் உண்டா? ஊரிலிருக்கும் என் பெற்றோரின் வருமானத்தையும் காட்ட வேண்டுமா?

பதில்: பெற்றோரைப் பற்றிய கவலை வேண்டாம். 24 வயதைக் கடந்தவர்களையும் மணமானவர்களையும் ஃபெடரல் விதிகள் பெற்றோரைச் சாராத மாணவர்களாகவே கொள்வதால், ஃபாஃப்சா (FAFSA) என்னும் ஃபெடரல் நிதியுதவி விண்ணப்பப் படிவத்தில் பெற்றோரின் வருமானத்துக்கு இடமே இல்லை. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் என்பதால் விண்ணப்பிக்கும் தகுதியும் உங்களுக்கு உண்டு.

உங்கள் உண்மையான சிக்கல் 2024தான். 2026-27க்கான படிவம் அந்த ஆண்டின் வரிக்கணக்கையே அடிப்படையாகக் கொள்கிறது. உங்கள் ஒப்புதலின் பேரில் வருமான வரித் துறையிலிருந்து விவரங்கள் நேரடியாக வந்து சேர்கின்றன. இன்றைய நிலையை மனத்தில் கொண்டு அந்த எண்களைக் குறைத்துக் காட்ட முயலாதீர்கள். அவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் மாணவர் உதவிக் குறியீடு (குடும்பத்தின் நிதிவசதியைக் காட்டும் எண்; அது உயர்ந்தால் உதவி குறையும்) உயர்வாக வந்து, திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத ஃபெடரல் உதவித்தொகையான பெல் கிராண்ட் கிடைக்காது என்றும் தெரியவரலாம். பலர் அத்துடன் மனம் தளர்ந்து விலகிவிடுகிறார்கள். உங்கள் வேலையோ அங்கேதான் தொடங்குகிறது. மாணவரின் சூழல் மாறியிருந்தால், ஆவணங்களைப் பார்த்து அந்த வருமான விவரத்தைத் திருத்தும் அதிகாரத்தைச் சட்டம் கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்கு அளித்திருக்கிறது. பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையிழப்பு உதவித்தொகை பெற்றால் அதற்கான சான்று ஆகியவற்றுடன், எந்தத் தேதியில் எவ்வளவு வருமானம் நின்றது என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். குடும்பக் கதையை விரித்து எழுதுவதைவிடத் தேதியும் தொகையுமே அங்கு பேசும். அலுவலர் மறுத்தால் கல்வித் துறையிடம் மேல்முறையீடு செய்ய வழியில்லை. ஆகவே முதல் மனுவையே முழுமையாகக் கொடுத்துவிடுவது நல்லது.

2025-26இல் பெல் கிராண்டின் உச்சவரம்பு 7,395 டாலர். முதல் இளநிலைப் பட்டம் முடிக்காதவர்களுக்கே அது உரியது என்பதால், பாதியில் நிறுத்தியது இதில் உங்களுக்குக் குறையாகாது. முன்பே பெற்றிருந்தால், வாழ்நாள் வரம்பான ஏறத்தாழ 12 பருவங்களில் அது கழியும்.

தேர்ச்சி பெறாத இரண்டு பாடங்களை மறைக்க இயலாது. பழைய கல்லூரிக்கே திரும்புவதால், உதவி பெறுபவர் படிப்பில் போதிய முன்னேற்றம் காட்ட வேண்டும் என்ற விதியைக் காட்டி உதவியை நிறுத்திவைக்கக்கூடும். அப்படி நேர்ந்தால், அப்போது என்ன தடை இருந்தது, இப்போது அது எப்படி நீங்கியது என்று விளக்கித் தனி மனு கொடுக்க வேண்டும். பழைய மாணவர் கடன் ஏதேனும் தவணை தவறி நிலுவையில் இருந்தால், அதை முதலில் சீர்செய்யாமல் வேறெதுவும் நகராது.

மறுபரிசீலனைக்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். கட்டணக் கெடு அதற்காகக் காத்திராது. மனுவைக் கொடுக்கும் அன்றே, முடிவு வரும்வரை கட்டணத்தைத் தள்ளிவைக்கவோ தவணையாகச் செலுத்தவோ வழியுண்டா என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.