சிறுநீர்க் குழாயின் கீழ்ப்பகுதியில் 6 எம்எம் சிறுநீரகக் கல், டாக்டர் ஆபரேஷன் என்கிறார். மாத்திரையில் கரையாதா?

நான் டாக்டர் இல்லை. ஆனால் இரண்டு வழியிலும் கல் எடுத்தவன்.

முதல் கல் 4 மில்லிமீட்டர். நடுராத்திரியில் இடது விலாவுக்குக் கீழே பிடித்த வலி அடிவயிறு வரை இறங்கியது. உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். வாயுவாக இருக்கும் என்று அம்மா பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார். வாந்திதான் வந்தது. டைக்ளோஃபினாக் என்ற வலி ஊசி போட்ட பிறகுதான் எனக்குப் பேச்சே வந்தது. கல் சிறுநீர்ப்பைக்குச் சற்று மேலே நின்றது. டாம்சுலோசின் மாத்திரையும் தண்ணீருமாகப் பன்னிரண்டு நாள். ஒரு காலையில் விழுந்தது. மிளகளவுகூடத் தேறாது, இதற்கா அந்தப் பாடு!

அந்த மாத்திரை கல்லைக் கரைப்பதில்லை. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க் குழாயின் தசையைத் தளர்த்தி வழி விடுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலானோருக்கு வரும் கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்க மருந்தே கிடையாது. யூரிக் அமிலக் கல் என்றால் பொட்டாசியம் சிட்ரேட்டில் கரைய வாய்ப்புண்டு. வாழைத்தண்டுச் சாறும் விடாமல் குடித்தேன். அடுத்த கல் அதைக் குடித்துக்கொண்டே வளர்ந்தது.

மூன்று வருடம் கழித்து வந்த அது 9 மில்லிமீட்டர், குழாயின் மேல்பகுதியில். மூன்று வாரம் பார்த்தோம், நகரவில்லை. சிறுநீரகம் வீங்கத் தொடங்கியது. ஆபரேஷன் என்றதும் வயிற்றைக் கிழிப்பார்கள் என்று பயந்தேன். கத்தியே படவில்லை. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியை விட்டு லேசரால் உடைத்தார்கள். முதுகில் துளை போடுவதெல்லாம் பெரும்பாலும் 2 சென்டிமீட்டரைத் தாண்டிய கல்லுக்கு.

என்னைப் படுத்தியது அதற்குப் பிறகு உள்ளே வைத்த டிஜே ஸ்டென்ட், அதாவது சிறுநீர் தடையில்லாமல் இறங்க வைக்கும் மெல்லிய குழாய். கால்மணிக்கு ஒருமுறை பாத்ரூம், ஒவ்வொரு முறையும் விலாவில் சுருக்கென்று ஒரு வலி, சில நாள் சிவப்பாகவும் போனது. ஏதோ தப்பாகிவிட்டது என்றே நினைத்தேன். ஸ்டென்ட் இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் அதை எடுக்க வேண்டும் என்பதையே டிஸ்சார்ஜ் தாளைப் புரட்டும்போதுதான் பார்த்தேன். மறந்து விட்டுவிட்டால் அதன்மேலேயே கல் படியுமாம். உங்களுக்கு வைத்தால் எடுக்கும் தேதியை அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கல் குழாயின் கீழ்ப்பகுதியில் என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் இல்லை, வலி மாத்திரைக்கு அடங்குகிறது, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினினும் சரி என்றால் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாமா என்று அந்த டாக்டரிடமே கேளுங்கள். குளிர்காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடாதீர்கள். அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், தானாக விழுந்தால் வடிகட்டிப் பிடித்து லேபில் கொடுங்கள், என்ன வகைக் கல் என்று தெரியும். நான் முதல் கல்லை மனைவியிடம் காட்டிவிட்டு ஃப்ளஷ் செய்துவிட்டேன்.