ஸ்கேன் அறையில் டாக்டர் பேசாமல் இருந்தால் பயப்படணுமா?

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம். ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் பாலக்கோட்டிலிருந்து தருமபுரி போனோம். டாக்டர் ஸ்கிரீனைப் பார்த்தபடியே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் "கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்று வெளியே அனுப்பினார். ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி (பிளசென்டா) கீழே இருக்கிறதாம். மாமியார் வேறு "என்ன குழந்தைன்னு கேட்டியா?" என்கிறார். தூக்கமே வரவில்லை.

பதில்: தங்கச்சி, வயிற்றில் ஜில்லென்று ஜெல்லைத் தடவிவிட்டு டாக்டர் வாயே திறக்காவிட்டால் யாருக்கும் பதறத்தான் செய்யும். ஆனால் 18லிருந்து 22 வாரத்துக்குள் எடுக்கும் இந்த ஸ்கேனில்தான் தலை, முதுகெலும்பு, இதயத்தின் நாலு அறை, சிறுநீரகம், தொடை எலும்பு என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து அளக்கணும், அந்தக் கவனத்தில் பேச்சு நின்றுவிடும். நடந்துவிட்டு வரச் சொல்வது பெரும்பாலும் குழந்தை குப்புறக் கிடந்து முகமோ இதயமோ சரியாகத் தெரியாததால்தான், நடந்தால் அது திரும்பிப் படுக்கும். இதை அப்போதே ஒரு வரி சொல்லியிருக்கலாம், சொல்லாதது அவர்கள் குறைதான். அடுத்த முறை நீங்களே கேட்டுவிடுங்கள்: "துடிப்பு நல்லா இருக்கா? எல்லாம் தெரியுதா?"

நஞ்சுக்கொடி கீழே இருப்பது இந்த மாதத்தில் நிறையப் பேருக்கு உண்டு. கர்ப்பப்பை வளர வளர அது பெரும்பாலும் மேலே போய்விடும், 32 வாரம் வாக்கில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை வெயிட் தூக்க வேண்டாம். வலியே இல்லாமல் துளி ரத்தம் பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேனுக்கு முன்னால் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்களே, குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று அதில்தான் எழுதியிருக்கும். 1994-ல் வந்த சட்டப்படி அதைச் சொல்வதும் குற்றம், சொல்லச் சொல்லிக் கேட்பதும் குற்றம், ஜெயில் வரைக்கும் போகும். பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லி 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் அப்புறம் நம்ம தருமபுரிக்கும் ஏன் வந்தது என்று உங்கள் மாமியார் வயதுக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கேள்வியை நீங்கள் தனியாகச் சுமக்காதீர்கள், வீட்டுக்காரரைப் பதில் சொல்ல வையுங்கள், அவருடைய அம்மாதானே. அடுத்த செக்கப்புக்கும் அவரையே கூட்டிப் போய், ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.